தண்ணி குடிக்காம இருந்தா யூரின் வராதா? சிறுநீரகம் போடும் கணக்கு என்ன?

'டியூட்டி நேரத்துல பாத்ரூம் போக முடியாது, அதனால தண்ணியே குடிக்கிறதில்ல.' ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்கள், பந்தோபஸ்துக்கு நிறுத்தப்படும் பெண் காவலர்கள், பேருந்து நடத்துநர்கள், நடவு வேலைக்குப் போகிறவர்கள் என்று பலரிடமும் கேட்கக்கூடிய பேச்சு இது. பள்ளிக்கூடக் கழிப்பறைக்குள் நுழையவே கூசும் மாணவிகள், காலையில் வாட்டர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு போய் மாலையில் அப்படியே திருப்பிக் கொண்டுவருவதும் இதே காரணத்தால்தான்.

இதற்குப் பின்னால் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. உள்ளே போனால்தானே வெளியே வரும்? குடிக்காவிட்டால் ஒண்ணுக்கு வராது. கேட்க நியாயமாகத்தான் படுகிறது. ஆனால், உடம்பு இந்தக் கணக்கைப் போடுவதில்லை. நாம் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் சிறுநீர் உற்பத்தியாகிக்கொண்டேதான் இருக்கும். அது ஏன் என்று தெரிந்துகொள்ள, சிறுநீர் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

குடித்த தண்ணீர்தான் சிறுநீராக வருகிறதா?

நேரடியாக இல்லை. வயிற்றிலிருந்து சிறுநீர்ப்பைக்குக் குழாய் எதுவும் கிடையாது. குடித்த தண்ணீர் குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் கலந்துவிடுகிறது. அதன் பிறகு அது 'குடித்த தண்ணீர்' இல்லை, ரத்தத்தின் ஒரு பகுதி. சிறுநீர் தயாராவது அந்த ரத்தத்திலிருந்துதான்.

முதுகுப்புறம், விலா எலும்பின் கீழ்ப்பகுதியை ஒட்டி இரண்டு பக்கமும் ஒவ்வொரு சிறுநீரகம். கைமுட்டி அளவுதான் இருக்கும், எடை ஏறக்குறைய 150 கிராம். ஆனால், இதயம் ஒவ்வொரு நிமிடமும் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இந்த இரண்டுக்கும் போகிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் மேல். இவ்வளவு சின்ன உறுப்புக்கு இவ்வளவு ரத்தம் எதற்கு? அது சாப்பிடுவதற்காக இல்லை, சலிப்பதற்காக.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. நெஃப்ரான் என்பது ஒரு சல்லடையும், அதோடு சேர்ந்த நீளமான ஒரு நுண்குழாயும். சல்லடை என்பது நூல்பந்து மாதிரி சுருண்டுகிடக்கும் மெல்லிய ரத்தக்குழாய்கள். ரத்தம் அழுத்தத்தோடு அதில் பாயும்போது தண்ணீரும், அதில் கரைந்திருக்கும் சின்னச்சின்னப் பொருட்களும் கசிந்து குழாய்க்குள் இறங்கிவிடும். ரத்த அணுக்களும் புரதங்களும் பெரியவை என்பதால் ரத்தத்திலேயே தங்கிவிடும்.

இப்படி ஒரு நாளில் எவ்வளவு கசிகிறது தெரியுமா? 180 லிட்டர். வீட்டுக்கு வாங்குகிறோமே, 20 லிட்டர் தண்ணீர் கேன், அதில் ஒன்பது கேன். நம் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே ஐந்து லிட்டர்தான். அதிலும் அணுக்கள் போக மிஞ்சும் திரவம் மூன்று லிட்டர். அந்த மூன்று லிட்டர்தான் ஒரு நாளில் 60 முறை சலிக்கப்படுகிறது.

ஒன்பது கேன் அப்படியே வெளியே போனால் அரை மணி நேரத்தில் ஆள் காலி. அதனால்தான் நீளமான குழாய். கசிந்த தண்ணீரில் 99 சதவீதத்தை அந்தக் குழாய் வழியிலேயே உறிஞ்சி, மறுபடி ரத்தத்துக்கு அனுப்பிவிடுகிறது. சர்க்கரை முழுவதும் திரும்பிப் போகிறது. அமினோ அமிலமும் அப்படியே. உப்பில் பெரும்பங்கு போகிறது. யூரியாவில் பாதி போகிறது. கடைசியில் மிஞ்சுகிற ஒன்றரை லிட்டரோ என்னவோ, அதுதான் சிறுநீர்.

தேவையில்லாததை மட்டும் பொறுக்கி எடுத்துப் போட்டுவிட்டுப் போகலாமே, எதற்கு இந்தச் சுற்றுவேலை? போகிக்குப் பரண் சுத்தம் செய்வதை நினைத்துப்பாருங்கள். பரணில் ஏறி உட்கார்ந்துகொண்டு குப்பை எது என்று தேடினால் வேலை முடியாது. எல்லாவற்றையும் கீழே இறக்கி, வேண்டிய பாத்திரத்தை மட்டும் திரும்ப மேலே ஏற்றினால், தரையில் கிடப்பது தானாகவே குப்பை. சிறுநீரகம் செய்வது இதைத்தான். இந்த முறையில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. வேண்டாத பொருள் ஒவ்வொன்றையும் அடையாளம் தெரிந்து வைத்திருக்க வேண்டியதில்லை. நேற்றுவரை மனித உடம்பு பார்த்தே இராத ஒரு புது மாத்திரையின் எச்சம் வந்தாலும், 'திரும்ப ஏற்று' என்கிற பட்டியலில் அது இல்லாவிட்டால் பெரும்பாலும் வெளியேதான்.

அப்படியானால் சர்க்கரை நோயில் மட்டும் ஏன் சர்க்கரை வெளியே வருகிறது?

திரும்ப ஏற்றும் வேலைக்கும் ஒரு வரம்பு உண்டு. ரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டினால், குழாயால் முழுவதையும் உறிஞ்ச முடியாது. மிச்சம் சிறுநீரில் வழிகிறது. வழியும் சர்க்கரை தன்னோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அடிக்கடி ஒண்ணுக்குப் போவது, நாக்கு வறளுவது இரண்டும் இதனால்தான். 'நீரிழிவு' என்ற பெயரிலேயே இந்த நீர் இழப்பு இருக்கிறது. ஒண்ணுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்தால் சர்க்கரை என்று சொன்ன அந்தக்காலப் பெரியவர்களும் தப்பாகச் சொல்லவில்லை.

டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் இந்தத் 'திரும்ப ஏற்றும்' வேலையை வேண்டுமென்றே கொஞ்சம் தடுக்கின்றன. அவற்றைச் சாப்பிடுகிறவர்களுக்குச் சிறுநீர்ப் பரிசோதனையில் சர்க்கரை இருப்பதாக வந்தால் பயப்படத் தேவையில்லை. மாத்திரை வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

எதை வெளியேற்ற இந்தப் பாடு?

யூரியா என்பது எல்லோரும் சொல்லும் பதில். பருப்பு, முட்டை, மீன் என்று எந்தப் புரதத்தைச் சாப்பிட்டாலும், உடம்பு அதை எரிக்கும்போது அம்மோனியா மிஞ்சும். அது மூளைக்கு விஷம். கல்லீரல் உடனே அதை யூரியாவாக மாற்றிவிடுகிறது. யூரியா அவ்வளவு கெடுதல் இல்லை, தண்ணீரிலும் நன்றாகக் கரையும். மீன்களுக்கு இந்தச் சிரமம் இல்லை. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் அம்மோனியாவை அப்படியே செவுள் வழியாக விட்டுவிடுகின்றன. பறவைகளும் பல்லிகளும் இன்னொரு வழியைப் பிடித்தன. யூரிக் அமிலமாக மாற்றி, தண்ணீரே அதிகம் செலவழிக்காமல் கெட்டியாக வெளியேற்றுகின்றன. பல்லி எச்சத்தின் நுனியில் வெள்ளையாக ஒரு துணுக்கு ஒட்டியிருக்குமே, அதுதான் அதன் 'சிறுநீர்'.

ஆனால், சிறுநீரகத்தின் முக்கியமான வேலை யூரியாவை அனுப்புவது என்று மட்டும் நினைத்தால் விஷயத்தில் பாதி தவறிவிடும். ரத்தத்தில் தண்ணீர், உப்பு, பொட்டாசியம், அமிலம் எல்லாம் ஒரு குறுகிய வரம்புக்குள் இருந்தாக வேண்டும். நாம் அந்த வரம்பைப் பற்றிக் கவலைப்படாமல் ஒரு நாள் ஊறுகாயும் கருவாடும், ஒரு நாள் இளநீரும் வாழைப்பழமும் என்று சாப்பிடுகிறோம். எது கூடினாலும் அன்றைய சிறுநீரில் அது கூடிவிடுவதால் ரத்தம் மாறாமல் இருக்கிறது. சிறுநீர் நாளுக்கு நாள் மாறுவதுதான் அதன் சிறப்பே.

இந்த வசதி போனால் என்ன ஆகும் என்பதை டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களின் வீட்டில் பார்க்கலாம். அவர்களுக்கு இளநீரும் வாழைப்பழமும் வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வது பொட்டாசியத்துக்காக. அது ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுபோகவும் கூடும். தண்ணீரைக்கூட டம்ளர் கணக்கில்தான் குடிக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருந்தும், இரண்டு சிறுநீரகங்கள் சத்தமில்லாமல் செய்த வேலையில் ஒரு பகுதிதான் நடக்கிறது. நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் 1943இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்புக்கு நடுவே, சாசேஜ் இறைச்சிக்கு உறை போடும் செலோஃபேன் குழாயை வைத்து இந்த இயந்திரத்தின் முதல் வடிவத்தைச் செய்தார். அன்றும் இன்றும் அடிப்படை ஒன்றுதான்: ரத்தத்தைச் சலிப்பது.

சரி, குடிக்காவிட்டால் உற்பத்தி நிற்காதா?

நிற்காது, குறையும். எவ்வளவு குறையலாம் என்பதற்கும் ஒரு எல்லை இருக்கிறது.

ரத்தம் கொஞ்சம் கெட்டியானாலும் மூளையில் உள்ள ஹைபோதலாமஸ் கண்டுபிடித்துவிடும். உடனே இரண்டு காரியம் நடக்கும். ஒன்று, தாகம். இன்னொன்று, ஏடிஎச் என்ற ஹார்மோன் சுரக்கும். இந்த ஹார்மோன் சிறுநீரகத்துக்குப் போய், 'தண்ணீரை இன்னும் உறிஞ்சு, வீணாக்காதே' என்கிறது. சிறுநீர் அளவில் குறைந்து, அடர்த்தியாகிறது. ராத்திரி தூக்கத்தில் இந்த ஹார்மோன் கூடுதலாக இருப்பதால்தான் ஏழு மணி நேரம் எழுந்திருக்காமல் தூங்க முடிகிறது. வயதானால் இந்த ஏற்பாடும் தளர்ந்துவிடுகிறது. மது இதே ஹார்மோனை அமுக்கிவிடும். பீர் குடித்தவர் அடிக்கடி எழுந்து போவதும், மறுநாள் தலைவலியோடு தண்ணீர் கேட்பதும் அதனால்தான்.

ஆனால், மனிதச் சிறுநீரகத்தால் ரத்தத்தைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு அடர்த்தி வரைதான் போக முடியும். அதற்கு மேல் முடியாது. அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கங்காரு எலி இதைவிடப் பல மடங்கு அடர்த்தியாக்கும், அதனால் அது தண்ணீர் குடிக்காமலேயே காலம் தள்ளிவிடுகிறது. நமக்கு அந்தத் திறமை கிடையாது. ஒரு நாளில் வெளியே போக வேண்டிய யூரியாவையும் உப்பையும் எவ்வளவு நெருக்கி அடைத்தாலும், அரை லிட்டர் தண்ணீராவது வேண்டும். நீங்கள் சொட்டுத் தண்ணீர் குடிக்காவிட்டாலும் அந்த அரை லிட்டரை உடம்பு ரத்தத்திலிருந்து எடுத்துச் செலவழிக்கும். கடலில் மாட்டிக்கொண்டவர்கள் கடல்நீரைக் குடிக்கக் கூடாது என்பதும் இதனால்தான். அந்த உப்பை வெளியேற்ற, குடித்ததைவிட அதிகத் தண்ணீர் போய்விடும்.

மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில், கட்டிலுக்குக் கீழே தொங்கும் சிறுநீர்ப் பையை மணிக்கொரு தரம் செவிலியர் வந்து பார்ப்பதைக் கவனித்திருக்கலாம். எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி, அதாவது 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும் என்பது அவர்கள் பார்க்கும் கணக்கு. ஒரு நாளில் 400 மில்லிக்குக் கீழே போனால் அது அபாய மணி.

இப்போது ஜவுளிக்கடைக் கணக்குக்கு வருவோம். சிறுநீர்ப்பையில் 150 முதல் 200 மில்லி சேரும்போது லேசாகப் போகத் தோன்றும். 400, 500 மில்லி ஆனால் அடக்குவது கஷ்டம். அரை லிட்டர் என்ற அடிமட்டத்துக்கு உடம்பைத் தள்ளிவிட்டால், எட்டு மணி நேரத்தில் 160, 170 மில்லிதான் சேரும். ஆக, ஒரு ஷிஃப்டை ஓட்டிவிடலாம். இந்த உத்தி பலிக்கிறது என்பதுதான் பிரச்சினை. பலிக்காமல் போயிருந்தால் யாரும் தொடர்ந்து செய்திருக்க மாட்டார்கள்.

உடம்பு இதற்கு என்ன விலை கொடுக்கிறது?

முதலில் தெரிவது நிறம். சிறுநீருக்கு மஞ்சள் நிறம் தருவது, பழைய சிவப்பணுக்கள் உடையும்போது உண்டாகும் யூரோபிலின் என்ற நிறமி. தண்ணீர் குறைந்தால் அதே சாயம் கொஞ்சம் தண்ணீரில் கரைந்து அடர் மஞ்சளாகத் தெரியும். வைக்கோல் நிறம் இருந்தால் சரி. பீர் பாட்டில் நிறத்துக்குப் போனால் உடம்பு தண்ணீரை மிச்சம் பிடிக்கிறது. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டால் வரும் பளீர் மஞ்சளையும், பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் வரும் சிவப்பையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பீட்ரூட் சாப்பிடாமலேயே சிவப்பாகவோ கோலா நிறத்திலோ வந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்தது நீர்க்கடுப்பு. 'சூடு பிடிச்சிருக்கு' என்று சொல்லி வெந்தயமும் மோரும் கொடுக்கிறோம். பல சமயம் அது வெறும் சூடு இல்லை, கிருமித்தொற்று. சிறுநீர்ப் பாதையில் ஏறப் பார்க்கும் கிருமிகளை, ஒவ்வொரு முறை போகும்போதும் சிறுநீர் கழுவித் தள்ளுகிறது. நாள் முழுக்கப் போகாவிட்டால் அந்தக் கழுவல் நடக்காது. ஆண்களுக்குச் சிறுநீர்க் குழாயின் நீளம் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர், பெண்களுக்கு 4 சென்டிமீட்டர்தான். கிருமி ஏற வேண்டிய தூரம் குறைவு. அடக்கிக்கொண்டிருக்க வேண்டிய கட்டாயமும் பெண்களுக்குத்தான் அதிகம். எரிச்சலோடு குளிர்க்காய்ச்சலும் முதுகுப்பக்கம் வலியும் வந்தால் தொற்று சிறுநீரகம் வரை போயிருக்கலாம். மோர் வைத்தியத்தோடு காத்திருக்கும் நேரம் இல்லை அது.

பிறகு கல். சர்க்கரைப் பாகை அடர்த்தியாகக் காய்ச்சி ஆறவிட்டால் கற்கண்டு கட்டுவதுபோல, அடர்த்தியான சிறுநீரில் கால்சியமும் ஆக்ஸலேட்டும் சேர்ந்து படிகமாகும். வாழைத்தண்டுச் சாறு கல்லைக் கரைக்கும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். அதோடு உள்ளே போகும் தண்ணீரின் பங்கு அதில் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. கல் வந்தவர்களுக்கு மருத்துவர்கள் சொல்வது, தினமும் இரண்டு, இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதுதான்.

இவையெல்லாம் வலித்துச் சொல்லும் நோய்கள். வலிக்காமல் வருவது வேறு ஒன்று. எல் சால்வடார், நிகரகுவா நாடுகளில் வெயிலில் கரும்பு வெட்டும் இளம் தொழிலாளர்கள், சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இல்லாமலேயே சிறுநீரகம் பழுதாகி இறந்தார்கள். இலங்கையின் அனுராதபுரம், பொலன்னறுவை பகுதி நெல் விவசாயிகளிடம் 1990களில் இருந்து இப்படியொரு நோய் பேசப்படுகிறது. ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் உத்தானம் பகுதியும் இதற்குப் பெயர்போனது. தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர்களிடமும் இதை மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். காரணம் இன்னும் முடிவாகவில்லை. பூச்சிக்கொல்லி, குடிநீரின் தன்மை என்று பல சந்தேகங்கள் உள்ளன. கடும் வெயிலில், கடும் உழைப்பில், போதிய தண்ணீர் இல்லாமல் திரும்பத் திரும்ப உடம்பு வற்றுவது முக்கியச் சந்தேகங்களில் ஒன்று. எல் சால்வடாரின் கரும்புத் தோட்டங்களில் தண்ணீர், ஓய்வு, நிழல் மூன்றையும் கொடுத்துப்பார்க்கும் திட்டம் வந்தது அதனால்தான்.

'நல்லா தண்ணி குடிங்கம்மா' என்று சொல்வது சுலபம். பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று சொல்லாமல் அதைச் சொல்வதில் அர்த்தமில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் குடிநீரையும் கழிப்பறையையும் அடுத்தடுத்த பிரிவுகளில் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி வேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்தது 2021இல். வயல்வெளிக்கும், தள்ளுவண்டிக்கும், டெலிவரி பைக்குக்கும் எந்தச் சட்டத்தின் கழிப்பறையும் இன்னும் எட்டவில்லை.

அப்படியென்றால் எவ்வளவு குடிக்க வேண்டும்?

எல்லோருக்கும் பொருந்தும் ஒரு எண் கிடையாது. ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவருக்கும் சித்திரை வெயிலில் சித்தாள் வேலை செய்பவருக்கும் ஒரே அளவு எப்படிச் சரியாகும்? பிந்தையவருக்கு வியர்வையிலேயே லிட்டர் கணக்கில் போய்விடும். தாகமும் சிறுநீரின் நிறமும் ஓரளவு நம்பகமான வழிகாட்டிகள். நாளெல்லாம் குடிக்காமல் இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் ஒரு சொம்பைக் கவிழ்ப்பது ஈடாகாது. அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்துதான். சிறுநீரகத்தால் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் வரைதான் வெளியேற்ற முடியும். அதைத் தாண்டித் தொடர்ந்து குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து குழப்பம், வலிப்பு வரை போகலாம். இதய நோய், சிறுநீரக நோய் இருப்பவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத்தான் பின்பற்ற வேண்டும்.

நிறைய பேர் 'எனக்கு யூரின் நல்லா போகுது, கிட்னி சரியாத்தான் இருக்கு' என்கிறார்கள். அளவு சரியாக இருப்பது எதையும் நிரூபிக்காது. பழுதான சிறுநீரகத்திலும் நெடுநாள் வரை தண்ணீர் வரும், சலிக்க வேண்டியதுதான் சலிக்கப்படாது. ரத்தத்தில் கிரியாட்டினின் கூடியதாகக் காட்டும்போதே சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறக்குறைய பாதி போயிருக்கக்கூடும். அதற்கு முன்னாலேயே காட்டிக்கொடுப்பது, சிறுநீரில் கசியும் அல்புமின் என்ற புரதம். சல்லடையில் ஓட்டை விழ ஆரம்பித்துவிட்டது என்பதன் முதல் அடையாளம் அது. சிறுநீர் தொடர்ந்து நுரைத்துக்கொண்டு போனாலும் இதைச் சந்தேகிக்கலாம்.

சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்களும், வெயிலில் வேலை செய்கிறவர்களும், மூட்டுவலிக்குக் கடையில் மாத்திரை வாங்கித் தொடர்ந்து போடுகிறவர்களும் வருடத்துக்கு ஒரு முறை இந்தச் சிறுநீர்ப் பரிசோதனையையும் கிரியாட்டினினையும் பார்த்துக்கொள்வது நல்லது. தமிழ்நாடு அரசு 2023இல் சிறுநீரகப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கும் புரதப் பரிசோதனையைக் கொண்டுவந்தது. சிறுநீரில் ஒரு பட்டையை நனைத்து நிறம் மாறுகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. ஊசி கிடையாது. சில நிமிடங்களில் முடிந்துவிடும்.